வாய் திறக்குமுன் வாசிப்பவர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. அடுத்தவர் மனசை, அவர் வாய் திறப்பதற்கு முன்பே கடகடவென்று வாசித்துவிடுவார்கள். வாசித்ததில் நல்ல வரி ஒன்றுகூட இருக்காது என்பதுதான் விசேஷம். நீங்கள் கொட்டாவி விட்டால் அவர்கள் மேல் சலிப்பு. சிரித்தால் ஏளனம். சும்மா இருந்தால்? அதுதான் இருப்பதிலேயே பெரிய கோபம்.

எங்கள் தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் இந்த ரகம். 'முடிஞ்சுபோச்சு' என்பது நாங்கள் வைத்த பெயர். போன வாரம் ஒரு காலையில் முதலாளி போகிற போக்கில், சாயங்காலம் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு லென்ஸை மாட்டி முடிப்பதற்குள் நம்மவருக்கு வேலை போய், வாடகை வீடு காலியாகி, மைத்துனன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மைத்துனன் மனைவி முகம் சுளிப்பதையும் பார்த்தாகிவிட்டது.

"இப்போ தெளிவாத் தெரியுது" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கும்தாம்மா" என்றார் இவர்.

மத்தியானம் மனைவிக்குப் போன் போட்டு, அவள் தம்பி வீட்டில் இடம் இருக்குமா என்று கேட்டு வைக்கச் சொன்னார்.

"வேலை இல்லைன்னு முதலாளி சொன்னாரா?"

"சொல்லணுமா? மூஞ்சியிலேயே எழுதியிருக்கு."

முதலாளி பேசுகிறவரைக்கும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்று அவள் கெஞ்சினாள். கேட்பாரா? சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும், என்னை அனுப்புகிற சங்கடம் உங்களுக்கு வேண்டாம், நானே விலகிக்கொள்கிறேன் என்று மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தார். புதுக் கிளையை இவர் பொறுப்பில் விடலாமென்று சாவியோடு காத்திருந்த முதலாளி வெலவெலத்துப்போனார். ஏனென்றால் அவரும் இதே ரகம்.

"எதிர்க்கடைக்காரன் கூப்பிட்டுட்டான், இல்ல? அவன் உங்களைப் பாத்துச் சிரிச்சப்பவே நினைச்சேன்."

எதிர்க்கடைக்காரர், பாவம், தெருவில் போகிற எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவர்.

இல்லை என்று இவர் சத்தியம் செய்ய, அனுப்பவில்லை என்று அவர் சத்தியம் செய்ய, ஒருவழியாகச் சாவி கைமாறியது. பயத்தில் முதலாளி சம்பளத்தையும் ஏற்றிவிட்டார்.

வீட்டில் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவர் மட்டும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார்.

"கண்ணுல படாத தூரத்துக்கு என்னை அனுப்பிட்டார், பாத்தியா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களில் ஒருவர் சிரிக்கவில்லை. இந்த ஆள் நம்மைக் குத்திக்காட்டத்தான் எழுதியிருக்கிறான் என்று முறைக்கிறார். ஐயா, சத்தியமாக இதை எழுதும்போது உங்களை நான் நினைக்கவே இல்லை.

நினைக்கிற அளவுக்குக்கூட நாம் ஆளில்லையா என்று இப்போது முகம் வாடுகிறதே, சரிதான், நீங்களேதான்.