மாப்பிள்ளை போட்ட ஆன்டெனா

"ஒண்ணும் கேக்கலை மாப்பிள்ளை," என்றார் மாமனார், ஆபீஸ் அறைக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டி.

மாப்பிள்ளை கிளைடருக்குள் மல்லாந்து கிடந்தார். எஞ்சின் இல்லாத அந்த விமானத்தில் உட்காருவது என்றாலே படுப்பதுதான். கையில் மைக். ஒன்று, இரண்டு, மூன்று என்று காலையிலிருந்து எண்ணி எண்ணி, எண்கள் மேலேயே அவருக்கு ஒரு வெறுப்பு வந்திருந்தது.

"ஒண்ணுமேவா மாமா?"

"கிணத்துக்குள்ள காது வச்ச மாதிரி இருக்கு."

தலை உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

மாமனாரின் பட்டறைக்கு வந்திருந்த அந்தக் கிளைடர் ஒரு பல் டாக்டருடையது. உடம்பு முழுக்கக் கார்பன் இழையும் ரெசின் பசையும். கார்பன் இலேசானது, உறுதியானது, ஆனால் ரேடியோ அலையை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. அதனால் செய்தவர்கள் வால் துடுப்பை மட்டும் கண்ணாடி இழையில் வார்த்து, அதற்குள் ரேடியோ ஆன்டெனாவை ஒளித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை செய்யவேண்டியது இரண்டே வேலை. ஒன்று, புது ரேடியோவை அந்த ஆன்டெனாவோடு சேர்ப்பது. இரண்டாவது, டிரான்ஸ்பாண்டர் பொருத்துவது. விமானத் திடலின் டவரிலிருக்கும் ரேடார் "யாருப்பா நீ" என்று கேட்டால், விமானியைத் தொந்தரவு செய்யாமல் தானே பதில் சொல்லும் பெட்டி அது. அதற்கு விரல் நீளத்தில் ஒரு ஆன்டெனா, கிளைடரின் வயிற்றுக்கு அடியில்.

இரண்டையும் மாப்பிள்ளை பொருத்திவிட்டார். கச்சிதமாகவே பொருத்தினார். சனிக்கிழமை ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் டாக்டர் பறக்கலாம்.

டாக்டர் பறப்பது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையோடு மாமனார் ஓய்வு பெறுகிறார். பட்டறைச் சாவி மாப்பிள்ளை கைக்கு வருமா, மச்சான் கைக்குப் போகுமா என்று யாருக்கும் தெரியாது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மத்தியானம் வருவான், காலண்டரை நேராக்குவான், போய்விடுவான். ஆனால் பெற்ற பிள்ளை. இதைப் பற்றி மாமனார் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "டாக்டரோட கிளைடர் பாஸ் ஆகட்டும், அப்புறம் பேசிக்கலாம்." அந்த ஒரு வாக்கியத்தை மாப்பிள்ளை ஒரு மாதமாக மென்று கொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை அந்தக் குடும்பத்தில் பேசியதெல்லாம் இரண்டு சொற்றொடர்கள். பட்டறையில் "சரிங்க மாமா". சாப்பாட்டு மேசையில் "போதுங்க அத்தை". இதை வைத்தே அவர் காலத்தை ஓட்டிவிட்டார். ஊமை என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் அவரிடம் சைகையில் பேசியதும் உண்டு. மாப்பிள்ளை சைகையிலேயே பதில் சொல்லி அனுப்பினார்.

முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஆன்டெனா அருமையாக இருக்கிறது என்றது மீட்டர். கேட்கவில்லை என்றார் மாமனார். மீட்டருக்கும் மாமனாருக்கும் ஒரு வழக்கு என்று வந்தால் மாப்பிள்ளையானவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வார்? மீட்டரைப் பிரித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. திரும்ப மாட்டிய பிறகு நன்றாக இல்லை.

மறுபடி கதவு திறந்தது.

"மாப்பிள்ளை, ஒண்ணு ரெண்டு எண்ணாதீங்க. விட்டு விட்டு வந்தா எங்க கோளாறுன்னு பிடிக்க முடியாது. எதையாவது தொடர்ந்து பேசிட்டே இருங்க. நான் இங்க ரேடியோவுல ஊசியைப் பாத்துக்கறேன்."

"என்ன பேசறது மாமா?"

"மனசுல வர்றதைப் பேசுங்க. யாருக்குக் கேக்கப் போகுது?"

அது நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளை மைக் பொத்தானை அழுத்தினார். முதலில் ரெசின் டப்பாவில் எழுதியிருந்த எச்சரிக்கையை வாசித்தார். அது தீர்ந்ததும் வானிலை பற்றிச் சொன்னார். அதுவும் தீர்ந்ததும், தண்ணீர்த் தொட்டியின் அடைப்பான் கழன்ற மாதிரி, மற்றதெல்லாம் வர ஆரம்பித்தது.

வேலை மேசை தாழ்வாக இருந்து முதுகு ஒடிகிறது என்றார். மாமனார் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லும் அந்த ஒரே ஜோக்குக்கு இத்தனை வருஷம் சிரித்துச் சிரித்துத் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது என்றார். மாமியார் தன்னிடம் நேராகப் பேசுவதே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே "அவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்கிறார், தான் என்ன வாசலில் நிற்கும் லாரியா என்றார். பொத்தானை விட்டபோது மனசு கொஞ்சம் இலேசாக இருந்தது. வேலைதான் ஒரு அடியும் நகரவில்லை.

"ஒண்ணும் இல்லை," என்றார் மாமனார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. மாமாவுக்கே நம்பிக்கை போய்விட்டது என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை கேபிளை மாற்றலாம் என்று முடிவு செய்தார். பழைய கேபிளின் நுனியில் கயிற்றைக் கட்டி வால் பக்கமிருந்து இழுத்தார். கயிறு வந்தது. கேபிள் வரவில்லை. பலமாக இழுத்தார். இந்தத் தடவை கேபிளும் வந்தது, துடுப்புக்குள் ஒளிந்திருந்த ஆன்டெனாவின் பாதியும் கூடவே வந்தது.

அதுவரை நிதானமாகத் தலையை மட்டும் நீட்டிய மாமனார் இப்போது செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை? ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஆன்டெனா அறுந்து போச்சு மாமா."

மாமனார் முகம் விழுந்துவிட்டது. "சீக்கிரம் வேற ஏதாவது பண்ணுங்க," என்றார். பிறகு, "நிறுத்திடாதீங்க," என்றார்.

சனிக்கிழமையை நினைத்து மனுஷன் பதறுகிறார் என்று மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். அன்று சாப்பிடும்போது மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்து, நேராக, "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்டார். விருந்தாளிகளிடம்தான் அந்த வீட்டில் அப்படிக் கேட்பார்கள். ஊருக்குக் கிளம்புகிற விருந்தாளிகளிடம்.

"போதுங்க அத்தை," என்றார்.

அறைக்குள் வந்ததும் மனைவி, "ஏங்க, உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா என்கிட்ட சொல்லலாம் இல்ல?" என்றாள்.

"என்ன சொல்ல இருக்கு?"

"எவ்வளவோ இருக்கும்னு தோணுது," என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சரி, இவளுக்கும் முடிவு தெரிந்துவிட்டது என்று மாப்பிள்ளை எதிர்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் பட்டறைக்குப் போனால் வேலை மேசையின் நாலு கால்களுக்கும் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. மச்சான் நின்றுகொண்டிருந்தான். காலையில். கையில் துடைப்பத்தோடு. மச்சான் நல்ல உயரம். தன் உயரத்துக்கு மேசையைத் தயார் பண்ணிக்கொள்கிறான் என்று மாப்பிள்ளைக்கு விளங்கிப்போயிற்று. குனியாமல் வேலை செய்ய முடிந்தது என்பதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

வாலில் ஆன்டெனா போன பிறகு வேறு வழி இல்லை. கிளைடரின் முதுகில் ஓட்டை போட்டு வெளியே ஒரு கம்பி ஆன்டெனா நட்டாக வேண்டும். மாமனாரிடம் சொன்னபோது அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"போட்டே ஆகணுமா மாப்பிள்ளை?"

"உங்களுக்குக் கேக்கணுமே மாமா."

மாமனார் அந்த வழவழப்பான வெள்ளை முதுகைத் தடவிப் பார்த்தார். ஆபீஸ் அறையைத் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, போடுங்க."

முதல் ஓட்டையைப் போட்ட பிறகுதான் அதற்கு நேர் கீழே இறக்கையின் கட்டுப்பாட்டுக் குழாய் போவது தெரிந்தது. நட்டு மாட்ட இடமில்லை. ஒரு சாண் தள்ளி இரண்டாவது ஓட்டை. அதில் கம்பி உட்கார்ந்தது. முதல் ஓட்டையை இழைத் துணியும் ரெசினும் வைத்து அடைத்தார். ரெசின் சும்மா இருக்குமா? உள்ளே சொட்டுச் சொட்டாக இறங்கி, சக்கரத்தை மடக்கும் நெம்புகோலின் மேல் விழுந்து, கல்லாக உறைந்தது. இனி அந்தக் கிளைடர் சக்கரத்தை மடக்காமலேதான் பறக்கும், கொக்கு காலைத் தொங்கவிட்டுப் பறக்கிற மாதிரி.

புதுக் கம்பியோடு மாப்பிள்ளை பேசிப் பார்த்தார். பேச்சு இப்போது நன்றாகப் பழகியிருந்தது. இந்தப் பட்டறையை விட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்றார். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தும், அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று மனைவி அழுததால் போகவில்லை என்றார். அதற்காக வருத்தப்படவில்லை, ஆனால் ஒரு ஆளாவது ஒரு தடவை 'நல்லா வேலை செய்யறே' என்று சொல்லியிருக்கலாம் என்றார்.

கதவு திறக்க நேரமானது. "ஒண்ணும் கேக்கலை," என்று மாமனார் சொன்னபோது அவர் மூக்கு சிவந்திருந்தது.

அதோடு மாப்பிள்ளைக்கு ஒரு புதுக் கவலையும் முளைத்தது. முதுகில் கம்பி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே வயிற்றில் டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனா. அது ஒவ்வொரு தடவை பதில் சொல்லும்போதும் ரேடியோ டிக் டிக் என்று பல்லைக் கடித்தது. ஒன்றுக்கொன்று ஆகாதவர்களை மேல் மாடி கீழ் மாடியில் குடிவைத்த கதை. வியாழக்கிழமை டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவைப் பிடுங்கி வால் பக்கம் தள்ளினார். அதற்கு ஒரு ஓட்டை. பழைய ஓட்டைக்கு அடைப்பு. சொத்தையை அடைத்தே பிழைக்கும் டாக்டரின் கிளைடருக்கு இந்த கதி.

வால் பக்கத்து நட்டை உள்ளிருந்துதான் முடுக்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் தலையைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, வயிற்றையும் கொடுத்தார். நட்டு இறுகியது. வயிறு திரும்பி வரவில்லை.

கத்திப் பார்த்தார். கார்பன் கூட்டுக்குள் கத்தினால் தன் காதுதான் வலித்தது. மைக் மட்டும் எப்படியோ கையோடு வந்திருந்தது. உபயோகமில்லை என்று தெரிந்தே பொத்தானை அழுத்தினார். மாட்டிக்கொண்டேன் என்று சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. சும்மா இருப்பானேன் என்று மச்சானைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சோம்பேறி என்று தொடங்கினார். ஆனால் இருட்டில் தலைகீழாகக் கிடக்கும்போது மனுஷனுக்கு நியாய புத்தி வந்துவிடுகிறது. அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை, கை நல்ல கை, யாரும் அவனுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஏன், தானே ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று முடித்தார்.

முடித்த மாத்திரத்தில் யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள். மச்சான். மற்ற நாளாக இருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்வான். இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரெசின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

"அத்தான், நாளைலேருந்து நான் தினமும் காலையிலேயே வந்துடறேன்," என்றான்.

"வா. எல்லாம் உன்னோடதுதானே," என்றார் மாப்பிள்ளை.

வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வந்தார். மாமனார் அவரிடம் அந்த ஜோக்கைச் சொல்லப் பாதி வாய் திறந்து, மாப்பிள்ளையைப் பார்த்து, விழுங்கிவிட்டார். ஜோக் சொல்லக்கூட மனசில்லாத அளவுக்கு அவரை ஒடித்துவிட்டோமே என்று மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. கடைசியாக ஒரு தடவை மைக்கைப் பிடித்தார். பேச ஒன்றுமே வரவில்லை. மன்னிச்சிடுங்க மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து நேராக ஆபீஸ் அறைக்குப் போனார்.

மாமனார் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியலை மாமா. பட்டறையை மச்சானுக்கே குடுத்துடுங்க. நாளைக்கு ஆய்வாளர் முகத்துல என்னால முழிக்க முடியாது."

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. இன்னும் ஒரே ஒரு நாள் பேசிப் பாருங்களேன்."

"பேசறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்லை மாமா."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

மாமனார் என்னவோ சொல்ல எழுந்தார். அதற்குள் மாப்பிள்ளை கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, மாமா பேசி முடிக்கும்வரை அவர் நிற்கவில்லை.

ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டி கனத்தது. மனைவியிடம் என்ன சொல்வது, எந்த ஊரில் எவனிடம் போய் நிற்பது என்று யோசித்தபடி வெளி வாசலுக்கு வந்தார். அங்கே வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்து, கைரேடியோவைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவர், மாப்பிள்ளையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தார்.

"என்ன தம்பி, பாதியில கிளம்பிட்டீங்க, திங்கக்கிழமைலேருந்து கணீர்னு கேட்டுட்டிருந்துதே, 'வாயே தொறக்காத மனுஷன் இப்பத்தான் பேசறாரு, யாரும் பதில் சொல்லிக் கெடுத்துடாதீங்க'ன்னு ஐயா சொன்னதால, டவர்லேருந்து உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் நாங்க எல்லாரும் மூச்சுக்கூட விடாம இல்ல உக்காந்திருந்தோம்."