கல்வெட்டுக்கு மேல் கத்திய கருவி

மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் வெடிகுண்டுகளை வானத்தில் பறந்தபடியே கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டது. அந்தத் திருவுளம் உருண்டு வந்து நம் பொறியாளர் தலையில் விழுந்தது. கருவி தேறினால் அலுவலகக் குடியிருப்பில் ஒரு வீடு என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒழுகும் ஒற்றை அறையில் வாளி வைத்தே சலித்துப்போன மனைவி, "வீட்டுச் சாவியோட வாங்க. இல்லேன்னா புது வாளியோட வாங்க" என்று வழியனுப்பினாள்.

சோதனை நடந்தது பழைய போர்க்களம் ஒன்றில். 'இந்நிலம் வெடிபொருள் அற்றது' என்று கல்வெட்டு நட்டு, ரிப்பன் வெட்டி, போன வருஷம்தான் இயக்குநர் அதைத் திறந்துவைத்திருந்தார். பாதுகாப்பை முன்னிட்டு, குண்டுக்குப் பதிலாக வர்ணம் பூசிய மரக்கட்டைகள் புதைக்கப்பட்டன.

கருவி பறந்தது. மரக்கட்டைகளைச் சட்டை செய்யாமல் நேரே கல்வெட்டுக்கு மேலே போய் நின்று, பசித்த குழந்தை மாதிரி வீல் வீலென்று கத்தியது. பொறியாளருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நொடியே இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்.

"என்னய்யா, வெச்ச இடத்துல கத்தல, வெக்காத இடத்துல கத்துது?" என்றார் இயக்குநர்.

"சார், அங்க நிஜமாவே இருக்கு போல..."

"நான் திறந்துவெச்ச இடத்துலயா?"

துணை இயக்குநர் கல்வெட்டிலிருந்து நாலடி பின்வாங்கிக்கொண்டே சொன்னார்: "கருவி புதுசு சார். இன்னும் மரியாதை பழகல."

பொறியாளர் வாளியை நினைத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் கருவிக்கு மரியாதை கற்றுக்கொடுத்தார். மரக்கட்டையைக் கண்டால் கத்த வேண்டும், கல்வெட்டைக் கண்டால் வாயை மூட வேண்டும். மறு சோதனையில் நூற்றுக்கு நூறு. எல்லோரும் தூரத்தில் நின்று கைதட்டினார்கள்.

வெற்றியில் குளிர்ந்த மேலிடம், புதுக் குடியிருப்பை அந்தப் போர்க்களத்திலேயே கட்ட உத்தரவிட்டது. கைதட்டிய அத்தனை பேருக்கும் வீடு. இயக்குநருக்கும்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! அஸ்திவாரம் தோண்டுவது பழைய பாணி என்று அறிவித்தார் இயக்குநர். வீடுகள் தரைமேல் அப்படியே வைக்கப்பட்டன.

குடிவந்த அன்றே மனைவி மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினாள். பக்கத்து வீட்டு மாடியில் இயக்குநர் பூந்தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க ஒருத்தர்கூட தரையில செடி நடலியே, ஏன்?"

"எல்லாரும் மரியாதை பழகினவங்கம்மா" என்று சொல்லி, பொறியாளர் நுனிக்காலில் நடந்துபோய் மண்வெட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.