டேப்பு கேட்ட வாய்தா

ஒரு மனிதனின் வீரம் முழுவதும் அவன் சட்டைக் கையின் நீளத்தில்தான் இருக்கிறது என்று நம்பியவர், நானறிந்தவரை இந்தப் பூமியிலேயே எங்கள் டேப்பு ஒருவர்தான். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர்களும் கிடையாது. குளிக்கும்போது என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்குன்னு பழைய நாடா ஒண்ணு இருக்கு சார்" என்றார்.

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற மறுவாரம் அவரிடம் சட்டை தைக்கப் போனேன். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "இருபத்தி ரெண்டே முக்கால்" என்று குறித்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"இருளாண்டிகிட்ட நின்னீங்கன்னா முதல் ரவுண்டத் தாண்ட மாட்டீங்க சார்."

"அவரோடு மோத நான் விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லையே?"

"சூசைகிட்டயும் தாண்ட மாட்டாரு" என்று இன்னொரு மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது சீனி பாய். டேப்பு வெட்டிக் கொடுப்பார். சீனி பாய் கையும் காலரும் வைப்பார். கடை திறந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. அன்றிலிருந்தே சண்டையும்.

முதுகுளத்தூர் இருளாண்டி, பாம்பன் சூசை இருவரும் தத்தம் காலத்தில் எங்கள் மாவட்டத்தின் குத்துச்சண்டைச் சாம்பியன்கள். இருளாண்டி கையுறையைக் கழற்றிய பிறகுதான் சூசை மாட்டினார். ஆகவே இருவரும் மோதவே இல்லை. இன்று இருவரும் உயிரோடும் இல்லை. எங்கள் அலுவலகமாக இருந்தால் "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி முடித்திருப்போம். இந்தக் கடையிலோ மோதியிருந்தால் ஜெயிப்பது யார் என்று தினமும் விசாரணை. டேப்புக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். சீனி பாய்க்குக் கீழக்கரை. கடற்கரைக்காரன் கடற்கரைக்காரனைத்தான் ஆதரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"மொளகாக் காட்டுல மம்பட்டி புடிச்ச கை பாய் அது. ஒரே குத்து, கத முடிஞ்சுது!"

"குத்து மேல பட்டாத்தான மாப்ள? சூசை வள்ளத்துல நின்னு வளந்தவன். தரை ஆடாம நின்னாத்தான் அவனுக்குத் தலை சுத்தும். உங்காளு காத்தக் குத்திக்கிட்டு நிப்பான்."

"காத்துக்கே வலிக்கும்யா!"

இந்த இடத்தில் இருவரும் எழுந்துவிடுவார்கள். வெட்டுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு டேப்பு பாய்வார். சீனி பாய் இடுப்பை வளைத்து நழுவுவார். ரவிக்கை வாங்க வந்த பெண்கள் நாலடி தள்ளி நின்று, ரவுண்டு முடிந்த பிறகு பேசுவார்கள்.

செல்போன் வந்ததும் விவகாரம் முற்றியது. இரண்டு வீரர்களின் பழைய படங்களும் யாரோ அனுப்பி வைத்தார்கள். டேப்பு திரைமேலேயே நாடாவை வைத்து அளந்தார். ஒருநாள் நான் போனபோது ஒரே கூச்சல்.

"நீங்களே கேளுங்க சார்! ரெண்டு விரல வச்சுப் பெருசாக்கிப் பெருசாக்கி, சூசை கைய மூணு இஞ்சு நீட்டிட்டாரு!"

"நீ மட்டும் என்ன? இருளாண்டி படத்த மட்டும் செல்போனச் சாய்ச்சு வச்சு அளக்கல?"

அந்த வாதத்தின் நடுவே வெட்டப்பட்டது என் சட்டை. போட்டுப் பார்த்தேன். வலது கை இடது கையைவிட ஒன்றரை அங்குலம் நீளம். புகார் சொன்னேன். டேப்பு சற்றும் அசரவில்லை. "வலது கை குத்துற கை சார். கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

போன வருடம் துபாயிலிருந்து சீனி பாயின் மகன் விசா அனுப்பினான். "வாப்பா, தச்சது போதும். இங்கன வந்து எங்களோட இருங்க." மனைவி இறந்தபின் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். மறுக்க நியாயமில்லை. "இருளாண்டியா சூசையான்னு தெரியட்டும், மறுநாளே வாரேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். நாங்கள் சிரித்தோம். டேப்பு சிரிக்கவில்லை. அன்று ஊசியில் நூல் கோக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

நடைமுறை தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. முறைப்படி விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன் என்றேன். டேப்பு அப்போது வேகத்தில் வாயை விட்டார். தனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் இரண்டு சாம்பியன்களுக்குமே சட்டை தைத்தவராம்; அவருடைய அளவு நோட்டு அபிராமத்தில் இருக்கிறதாம். "யாரு கை நீளமோ அவன்தான் ஜெயிப்பான். ஒத்துக்கிறீங்களா பாய்?" சீனி பாய் ஒத்துக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் டேப்பு அபிராமம் போனார்.

சனிக்கிழமை பிற்பகல் விசாரணை. டீக்கடை, சலூன், செருப்புக் கடை எல்லாம் ஆளில்லாமல் கிடக்க, தெருவே எங்கள் கடைக்குள் நின்றது. ஒருவன் மாடிப்படியில் தொங்கினான். தீர்க்க வேண்டிய கேள்வியை, எங்கள் அலுவலக மொழியில் எழுவினாவை, வாசித்தேன்: "மோதியிருப்பின் வென்றிருக்கக்கூடியவர் யார்?" விசில் பறந்தது. சீனி பாய் சூசையின் இடது கைக் குத்தைச் செய்து காட்டியதில் இரண்டு டீ கிளாஸ் காலி. "இருளாண்டி! இருளாண்டி!" என்று பாதிக் கூட்டம். "சூசை! சூசை!" என்று மீதி. எனக்கே ரத்தம் கொதித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆவணத்தைத் தாக்கல் செய்யலாம்" என்றேன்.

"கொண்டா மாப்ள" என்றார் சீனி பாய். "எதுன்னாலும் சரி. வர்ற வெள்ளிக்கெழம ஜும்மாத் தொழுதுட்டுக் கெளம்புறேன்."

டேப்பு எழுந்திருக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாக எழுகிறவர், அன்று வந்ததிலிருந்தே ஸ்டூலை விட்டு அசையவில்லை.

"நோட்டு கிடைக்கல சார். வாய்தா வேணும்."

"காரணம்?"

கழுத்து நாடாவை விரலில் சுற்றினார். "கரையான்."

அவருக்கு அடியில், ஸ்டூல் ஓரமாக, காக்கி அட்டை போட்ட பழைய நோட்டின் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். சீனி பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையான் அரிச்சா மனுசன் என்ன சார் செய்வான்?" என்றார் சீனி பாய். "கொடுத்துருங்க."

கொடுத்தேன். கூட்டம் என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தது. சீனி பாய் வாசலுக்குப் போய் மகனை அழைத்தார். "கேஸு தள்ளிப் போயிருச்சுப்பா… இல்ல, தேதி இன்னும் சொல்லல."

விசா காலாவதியாகிவிட்டது. மகன் விடுமுறைக்கு இங்கே வந்து, பத்து நாள் கடையில் உட்கார்ந்து, சூசை கட்சியில் சேர்ந்துவிட்டுப் போனான். டேப்பு இதுவரை ஆறு வாய்தா கேட்டிருக்கிறார். பணியில் இருந்தவரை என் மேஜையில் எந்த விவகாரத்தையும் நான் தேங்கவிட்டதில்லை. இது ஒன்று, நாங்கள் மூன்று பேரும் இருக்கும்வரை, நிலுவையிலேயே இருக்கட்டும்.