சந்தனம் வைத்த கையுறை

ஒரு காட்டில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. காட்டுக்கு எதற்குச் சாயம் என்று கேட்காதீர்கள். வெள்ளை முயல்கள் இருக்கிற ஊரில் வியாபாரம் நடக்காமலா போகும்?

அங்கே தொட்டியில் துணி முக்கும் வேலை மரகதவல்லி என்ற தவளைக்கு. தவளை தண்ணீர் குடிப்பதும் பாதி மூச்சு விடுவதும் தோல் வழியாகத்தான். மூன்று மாதம் சாயத்தில் கை வைத்ததில் அவளுக்கு உள்ளங்கை உரிந்து, விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. இப்படியே போனால் இன்னும் ஒரு மாதம் தாங்க மாட்டாள் என்று வைத்தியர் கொக்கு சொல்லிவிட்டார். வழக்கமாகத் தவளையைச் சாப்பிடுகிறவர், அவளைத் தொடவே பயந்தார்.

பட்டறையில் கையுறை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் பத்து ஜோடி பீரோவில் இருந்தன. ஆயுத பூஜை அன்று மட்டும் வெளியே எடுத்து, கவர் மேலேயே சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாவி பாதுகாப்பு அதிகாரி சாரைப்பாம்பு சடையப்பரின் கழுத்தில் தொங்கியது. கையே இல்லாதவர் என்பதால் எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார் என்று முதலாளி கரடிக்கு ஒரு நிம்மதி.

மரகதவல்லி அவரிடம் போய்க் கையை நீட்டினாள். "தோல் உரியுதுங்க சார்."

"எனக்கு முழுசாவே உரியுது. நான் என்ன லீவா போடறேன்?"

உங்களுக்கு அடியில் புதுத்தோல் இருக்கிறது, எனக்குச் சதைதான் இருக்கிறது என்று அவள் மல்லுக்கு நின்றாள். சடையப்பர் அலுத்துப்போய், பாதிப்பை எழுதி விண்ணப்பம் கொடுத்து, வருகைப்பதிவு மெஷினில் கைரேகை வைத்துவிட்டு வாங்கிக்கொள் என்றார்.

எழுதினாள். கட்டைவிரலை வைத்தாள். ரேகை இருந்தால்தானே? "ஆள் வரவில்லை" என்றது மெஷின். துடைத்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள், மற்ற விரல்களையும் வைத்தாள். அத்தனை தடவையும் அவள் வரவில்லை.

வராதவர்களுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்று சடையப்பர் கையை விரித்தார், அதாவது வாலை. மரகதவல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"அப்ப வராதவ எடுத்துட்டுப் போனா திருட்டுன்னு யார் பேர்ல எழுதுவீங்க?"

சடையப்பர் விதிப்புத்தகத்தை வாலால் புரட்டோ புரட்டென்று புரட்டினார். அப்படி ஒரு பக்கமே இல்லை. அவள் நிதானமாகச் சாவியைக் கழற்றி, பீரோவைத் திறந்து, கவரைச் சர்ரென்று கிழித்தாள். பட்டறையே கூத்தாடியது. கை உரிந்த உடும்பும் கீரியும் மரநாயும் ஓடிவந்து, ஆளுக்கொரு "ஆள் வரவில்லை" வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக நின்றவன் துணி காயப்போடும் குரங்கு மாசிலாமணி. மறுநாள் முதல் அவனுக்கும் தொட்டி வேலை. முன்கூட்டியே மாட்டிக்கொள்வோம் என்று நல்ல கையை வைத்தான். மெஷின் அவன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது.

"கை நல்லாத்தானே இருக்கு. பாதிப்பு இருந்தாத்தான்ப்பா கையுறை," என்றார் சடையப்பர் உண்மையான வருத்தத்தோடு. "நீயா எடுத்தா உன் பேர்ல எழுதிடுவேன்."

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தான். பிறகு நேரே தொட்டிக்குப் போய், முழங்கை வரைக்கும் சாயத்தில் விட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நின்றான்.

நீதி: கையுறை வேண்டுவோர் முதலில் கையைக் கெடுத்துக்கொண்டு வரவும், பாதுகாப்பு அதற்குப் பிறகே வழங்கப்படும்.