பால் இன்னும் படியில்தான் இருக்கிறது

யானையைப் பார்க்கக் காடு வரை போக வேண்டும். நான் சொல்லப்போகும் பிராணியைப் பார்க்க அவ்வளவு சிரமம் வேண்டாம். மாலை ஏழு மணிக்கு, எங்கள் மலேசியாவில் சிடாம் கிரியிலிருந்து ஜித்ரா வரை, ஏதாவது ஒரு தமிழர் வீட்டு ஜன்னலை எட்டிப் பாருங்கள். "இந்தச் சனியன் பிடிச்ச நாடகம் எப்பத்தான் முடியுமோ!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சபித்துக்கொண்டே, விளம்பரத்துக்குக்கூட எழுந்து போகாத ஓர் உருவம் தென்படும். அதுதான். இந்த இனத்துக்கு 'முடியட்டும் கட்சி' என்று நானே பெயர் சூட்டியிருக்கிறேன். கட்சிக்குக் கொடி இல்லை, சந்தா இல்லை, தேர்தல் இல்லை. உறுப்பினர்கள் மட்டும் ஏராளம்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நாடகத்தைப் பார்க்கவே இல்லை என்று முதலில் சாதிப்பார்கள். பிறகு நாடகத்துக் கதாநாயகி கோமளாவுக்கு நினைவு தப்பியது படகு கவிழ்ந்தபோதா கார் கவிழ்ந்தபோதா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், நாள் நட்சத்திரத்தோடு தீர்த்துவைப்பார்கள். கதையை எழுதுகிறவன் கையில் கிடைத்தால் ரப்பர் மரத்தில் கட்டிவைத்து உரிப்பேன் என்பார்கள். மறுநாள் ஆறே முக்காலுக்கே குளித்துத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உரிக்கப் போகிறவர் ஏன் குளிக்க வேண்டும்?

கட்சியின் சிடாம் கிரி கிளைத் தலைவர் இருளப்பன் அண்ணன். கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலை பஸ் ஓட்டி, சுங்கை பட்டாணிக்கு ஆள் ஏற்றி இறக்கி, ஓய்வு பெற்றவர். மற்றவர்களைப் போல அவர் உட்கார்ந்து பார்ப்பதில்லை. உட்கார்ந்தால் பார்ப்பதாக அர்த்தமாகிவிடும் அல்லவா? கையில் ஹெல்மெட்டுடன், வெளியே கிளம்புகிறவர்போல வாசற்படியில் நிற்பார். தொடக்கப் பாட்டு வரும்போது "நான் கடைக்குப் போறேன்" என்பார். 'தொடரும்' என்று எழுத்து விழும்போதும் அங்கேயேதான் நிற்பார். கடை என்னவோ அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோமளாவைத் தீர்த்துக்கட்ட அவளுடைய நாத்தனார் பாலில் விஷம் கலந்து, டம்ளரைக் கையில் ஏந்தி, மாடிப்படியில் கால் வைத்தாள். வைத்த கால் வைத்தபடி இருக்கிறது. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு வழக்கு தீர்ந்தது, கோமளாவின் புருஷனாக நடித்தவர் போய் வேறொருவர் வந்தார். பால் மட்டும் மாடிக்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அது என்றைக்கோ திரிந்துபோயிருக்கும். விஷத்தால் சாகாவிட்டாலும் கோமளா வயிற்றுப்போக்கால் போய்விடுவாள்.

இருளப்பன் அண்ணனுக்கு ஒரு மச்சான் உண்டு. மனைவி செல்லாயி அக்காவின் அண்ணன், ஜித்ராவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பரஞ்சோதி. கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சி மாட்டி, நாடகம் முடியும்வரை வாடிக்கையாளரை நிற்க வைக்கும் அந்த ஊர்க் கிளைத் தலைவர். ஆனால் இரண்டு தலைவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருடங்கள் ஓடியிருந்தன. காரணம் பெரியது. பரஞ்சோதி மகன் கல்யாணத்தில், மண்டபத்து மேடையில் மைக் பிடித்தவர் வந்தவன் போனவனை எல்லாம் பெயர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போட வைத்தார். சொந்த அத்தைப் புருஷனான இருளப்பன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். சோற்றில் கை வைத்திருந்த இருளப்பன் அண்ணன் அப்படியே எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு, அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் செல்லாயி அக்கா பட்டது அந்த அம்மனுக்குத்தான் தெரியும்.

மழைதான் இதை மாற்றியது. நம் ஊரில் நாலு தூறல் விழுந்தால் வீட்டுக் கூரையில் இருக்கும் டிஷ் படுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அப்படி ஜித்ராவில் மழை கொட்டிய ஒரு மாலையில், பரஞ்சோதி தாங்க முடியாமல் தங்கைக்குப் போன் போட்டார். அக்கா கையில் சப்பாத்தி மாவு. போனை எடுத்தது இருளப்பன் அண்ணன்.

யார் என்று தெரிந்ததும் வைக்கப் போனார். அதற்குள் ஜித்ரா கேட்டது:

"பால் என்னாச்சு?"

"இன்னும் படியிலதான் இருக்கு."

"அடச்சே! இது எப்பத்தான் முடியும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன் மச்சான்!"

அன்றிலிருந்து தினமும் நாடகம் முடிந்ததும் போன் மணி அடிக்கும். மழை இருக்கிறதோ இல்லையோ, அடிக்கும். நலமா என்று கேட்க மாட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். நாத்தனாரைத் திட்டுவார்கள், டைரக்டரைத் திட்டுவார்கள், புதுப் புருஷனின் மீசையைத் திட்டுவார்கள், முடிந்து தொலையட்டும் என்று ஒரே குரலில் சபித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பிறகு இருளப்பன் அண்ணன் உற்சாகமாக இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிடுவார்.

இந்த உற்சாகம் முற்றித்தான் அந்த விபரீதம் நடந்தது. "இந்த நாடகம் முடியட்டும் மச்சான், ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்கு மொட்டை போடறேன்" என்றார் சிடாம் கிரி. "நீ மட்டுமா? நானும் அங்கயே வந்து போடறேன்லா!" என்றது ஜித்ரா.

கேட்டுக்கொண்டிருந்த செல்லாயி அக்கா மறு வெள்ளியிலிருந்து அதே கோயிலில் எலுமிச்சை விளக்கு போட ஆரம்பித்தார். குடும்பத்துக்காக என்று இருளப்பன் அண்ணன் நினைத்துக்கொண்டார். பூசாரி அய்யாவு என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு அக்கா சொன்ன பதில் வேறு.

"நாடகம் முடியக்கூடாது சாமி. முடிஞ்சா எங்கண்ணன் குரலு அப்பறம் எங்க வீட்டுல கேக்காது."

புருஷன் முடியச் சொல்லி, பெண்டாட்டி முடியக்கூடாது என்று சொல்லி, ஒரே சன்னிதியில் இரண்டு மனுக்கள். மாரியம்மன் பாடு யோசித்துப் பாருங்கள்.

முதலில் புருஷன் பக்கம்தான் தீர்ப்பானது. 'இறுதி வாரம்' என்று தொலைக்காட்சியில் எழுத்து ஓடியது. முடியட்டும் கட்சி கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? அந்த வாரம் முழுக்க இருளப்பன் அண்ணன் முகத்தில் களை இல்லை. ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தார். போனில் இரண்டு பேரும் புதுப் புருஷனின் மீசையைக்கூடத் திட்டவில்லை. செல்லாயி அக்கா ரசத்தில் உப்புப் போட மறந்தார். அண்ணனும் அதைக் கவனிக்காமல் குடித்தார். வெள்ளிக்கிழமை பால் ஒரு வழியாய் மாடி ஏறி, நாத்தனாரே தடுக்கி விழுந்து, கொட்டிப்போயிற்று. சுபம். அன்றைக்குப் போன் வந்தது.

"முடிஞ்சிருச்சு மாப்பிள்ளை."

"ஆமா மச்சான்."

"ஞாயித்துக்கிழமை வந்துடறேன். சொன்ன சொல்லு."

"வா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் பேச அவர்களுக்கு வேறு விஷயமே இல்லை. அக்கா அடுப்படியில் நின்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் குழாயடியில், பட்டணத்திலிருந்து வந்த முடிதிருத்தும் காளிதாசன் இருளப்பன் அண்ணனை உட்கார வைத்துத் தண்ணீர் தெளித்துச் சோப்புத் தேய்த்துக் கத்தி போட்டார். தன் முறைக்குக் காத்திருந்த பரஞ்சோதி, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் முழுக்க வழித்தாயிற்று. அப்போதுதான் பரஞ்சோதி அலறினார்.

"நிறுத்துய்யா கத்திய! மாப்பிள்ளை, முடியலையாம்! ரெண்டாம் பாகமாம்! நாளைக்கே ஆரம்பிக்கறானாம்!"

காளிதாசன் கத்தியை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார். "அண்ணே, மீதிய வழிக்கவா, வேணாமா?"

"எப்பிடி வழிப்ப? நாடகந்தான் முடியலையே!" என்றார் பரஞ்சோதி.

"அப்ப என் பாதி மண்டைக்கு யாருய்யா பதில் சொல்றது?" இருளப்பன் அண்ணன் எழுந்துவிட்டார். பல வருடக் கோபமும் சேர்ந்து எழுந்தது. "கல்யாணத்துலயும் சபையில அவமானம், இங்கயும் அவமானமா? உங்க வீட்டு மைக்குல எம்பேரு ஒரு தடவ வந்துச்சா மச்சான்?"

வந்தே விட்டது அந்தப் பேச்சு. செல்லாயி அக்கா தூணைப் பிடித்துக்கொண்டார். பரஞ்சோதி மாப்பிள்ளையின் தலையைப் பார்த்தார். ஒரு பக்கம் வெண்ணெய், மறு பக்கம் புதர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தோளில் கிடந்த சரிகைத் துண்டை உருவினார். அதைப் பாதி மொட்டையில் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டு, கோயில் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"சிடாம் கிரி இருளப்பன் அவர்களே! என் தங்கச்சி வீட்டுக்காரரே! மேடைக்கு வாங்க!"

இருளப்பன் அண்ணன் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோப்பு பட்டதாம்.

காளிதாசன்தான் கடைசியில் வழக்கைத் தீர்த்தார். "முதல் பாகம் முடிஞ்சதுக்கு இந்த மொட்டை. ரெண்டாம் பாகம் முடியறப்ப இன்னொரு மொட்டை. சாபார்லா அண்ணே, பொறுமையா உக்காருங்க." இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். செல்லாயி அக்கா உள்ளே போய், ஆளுக்கு ஒரு பாகமாகத் தீர்ப்புச் சொன்ன அம்மனுக்கு இன்னொரு விளக்கு ஏற்றினார்.

திங்கள் மாலை போன் மணி அடித்தது. "அநியாயத்தப் பார்த்தியா மாப்பிள்ளை? மறுபடியும் பால் டம்ளரோட படியில நிக்கறாய்யா! இது எப்பத்தான் முடியும்?" இருளப்பன் அண்ணன் வாசற்படியில் ஹெல்மெட்டுடன் நின்று, பளபளக்கும் தலையைத் தடவியபடி, சந்தோஷமாகத் திட்ட ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். நாடகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோயில் நிர்வாகக் கூட்டமோ, ஓயாத வாட்ஸ்அப் குழுவோ, முடிந்து தொலையட்டும் என்று தினமும் யாரிடமோ சபித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். தாராளமாகச் சபியுங்கள். ஆனால் கோயிலில் போய் வேண்டிக்கொள்வதற்கு முன், உங்கள் வீட்டில் எதிர் விளக்குப் போட ஒரு செல்லாயி இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர் மனு இல்லாவிட்டால், அம்மன் சில சமயம் உங்கள் மனுவைக் கேட்டு முடித்தே வைத்துவிடுவாள்.