டீ போடட்டுமா?

மன்னிப்புக் கேட்காமலேயே சமாதானமாகிவிடும் கணவர்கள் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தப்பு செய்வார்கள், அது தப்புதான் என்று அவர்களுக்கே தெரியும், முகம்கூடக் கொஞ்சம் சிறுத்துப்போகும். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையைத் தாண்டாது. அதற்குப் பதிலாக டீ போட்டுத் தருவார்கள்.

நம்முடைய லிஃப்ட் மெக்கானிக் இந்த இனத்தில் அசல். இரண்டு மாடிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு தவித்த அம்மாளை வெளியே இறக்கிவிட்டு, ஃபேன் ஓடியதல்லவா என்று கேட்டவர். நர்ஸான மனைவியின் வெள்ளை யூனிஃபார்மைச் சிவப்புத் துண்டோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, ரோஜா நிறத்தில் வெளியே எடுத்தபோதும் அசரவில்லை. வெயிலில் காய்ந்தால் வெளுத்துவிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, டீ போடட்டுமா என்றார். வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஏழு வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யார் கவனித்தார்கள்?

மறுவாரம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. மகளின் உயிர்த்தோழி மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த படத்தின் மேல் மகள் வர்ணத் தண்ணீரைக் கொட்டிவிட்டாளாம். மன்னிப்புக் கேள் என்று டீச்சர் சொன்னதற்கு, காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, அழுகிற தோழியிடம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாளாம். தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான்கு நாளாக மகள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள்.

"நல்ல பொண்ணுதான் சார். இதை எங்க கத்துக்கிட்டான்னுதான் புரியல," என்றார் டீச்சர்.

எல்லாம் டிவியால் வருவது என்றார் மெக்கானிக். மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மகளை உட்காரவைத்து, மன்னிப்பின் மகிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எப்படிப்பா கேக்கணும்? அம்மாகிட்ட ஒரு தடவ கேட்டுக் காட்டுங்க," என்றாள்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவி அந்த ரோஜா நிற யூனிஃபார்மைத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். நின்றுபோன லிஃப்டில் அகப்பட்டவர் மாதிரி வியர்த்தது.

"நான்தான் பாக்காம போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

காது கேட்காமல் கேட்ட கேள்வியா அது? ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு தடவை போதுமா? அவர் இன்னொரு தடவை சொன்னார். அவள் சரி என்றாள். யூனிஃபார்மை மடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

மறுநாள் மகள் தோழியின் பெஞ்சுக்குப் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். கூரையைப் பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்றாள். தோழி நகர்ந்து இடம் கொடுத்த பிறகும், இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். முறை அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு யாரோ ஒருவர் நினைவுக்கு வந்து சிரிப்பு வருகிறது, இல்லையா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்போது யார் நினைவுக்கு வருகிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.