மிர்கோ ஐயா கசிந்த கதை

பூந்தா அரேனாஸ்,
வெள்ளிக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய அபெலார்தோ மாமாவுக்கு யஸ்னா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். காற்று பலமாக அடித்தாலும் எங்கள் கூரை இன்றுவரை நலம். சில்லானில் உங்கள் முட்டிவலி குறைந்ததா?

மாமா, நீங்கள் அனுப்பிய பீன்ஸ் மூட்டை எங்கள் ஆய்வகத்தைக் காப்பாற்றிவிட்டது!

என் வேலை உங்களுக்குத் தெரியும். வளைகிற பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய பல்லேடியப் பூச்சு. ஹைட்ரஜன் பட்டால் பூச்சு அதை உறிஞ்சும், மின்தடை ஏறும், மணி அடிக்கும். குழாயில் சுற்றிவிட்டால் கசிவைக் காட்டிக்கொடுக்கும். இன்று நிதி தரும் குழு பார்க்க வருவதாக இருந்தது; திருப்தியானால் இன்னும் ஓராண்டுக்குப் பணம். இல்லையென்றால் நான் வீட்டுக்கு.

திங்கள் முதல் தினமும் மதியம், சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் பட்டை இருக்கும் மேசையைச் சுற்றி சுடச்சுட மாத்தே தேநீர் குடிக்க உட்கார்ந்ததும் மணி அடித்தது, நான் ஓடிப்போய் எல்லா இணைப்பிலும் சோப்புநீர் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை, மறுபடி அடித்தது, மறுபடி தடவினேன், என் கையே வெளுத்துப்போனது.

"ஏம்மா, இது கசிவா, இல்ல உன் பட்டைக்குக் கிறுக்கா?" என்று நேற்று கேட்டார் எங்கள் ஆய்வகத் தலைவர் மிர்கோ ஐயா.

எங்கள் டெக்னீஷியன் கிளதிஸ் அவர் தட்டைப் பார்த்தாள். "நாலு நாளா பீன்ஸை ரெண்டு ரெண்டு தட்டு அடிக்கிறீங்க. அது குடல்ல ஹைட்ரஜனா மாறி மூச்சுல வருமே. ஆஸ்பத்திரில ஊதச் சொல்லி அளப்பாங்க, தெரியாதா?"

"அப்ப நாந்தான் கசியிறேனா?"

"பின்ன, குழாயா?"

இன்று காற்றால் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். பழையது தீர்ந்துவிட்டது, குழுவுக்குக் காட்ட வேண்டிய புது ஹைட்ரஜன் சிலிண்டர் கப்பலிலேயே நிற்கிறது. குழுவோ வந்துவிட்டது. மிர்கோ ஐயா எழுந்தார், கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், பட்டைமேல் ஊதினார். மணி! குழுவின் தலைவி கைதட்டினார். திங்களன்று கையெழுத்து. மாமா, நான் அழுதுவிட்டேன். இன்னொரு மூட்டை அனுப்புங்கள், பெரியதாக.

அத்தைக்கும் உங்கள் இரண்டு பசுக்களுக்கும் என் அன்பு. முட்டியில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
யஸ்னா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஆசைக்கு நானும் ஊதிப்பார்த்தேன். இந்த வாரம் நான் பீன்ஸைத் தொடவே இல்லை. மணி அடித்தது. கொதிக்கிற மாத்தே கெண்டியைப் பக்கத்தில் வைத்தேன். யாரும் ஊதவில்லை. இன்னும் பலமாக அடித்தது. தினமும் மதியம் அந்தக் கெண்டி பட்டைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்திருக்கிறது. மாமா, நாங்கள் செய்திருப்பது உலகத்திலேயே மிக மெல்லிய வெப்பமானி. திங்களன்று கையெழுத்துக்கு முன் குழுவிடம் நானே சொல்லப்போகிறேன். மூட்டை வேண்டாம். மிர்கோ ஐயாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. பயிற்சிக்காக மூன்றாவது தட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.